பத்தரை மணி வெயிலில் அரை ஆம்பியர்

சென்ற மே மாதம் ஒரு காலை, மணி பத்தரை. கோவில்பட்டி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒடுங்கி உட்கார்ந்து, சோலார் பேனலிலிருந்து இறங்கும் வயரில், வயரைக் கவ்விக்கொண்டு கரண்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 0.4 ஆம்பியர். மீட்டரை ஜீரோ செய்யாமல் விட்டுவிட்டேனோ என்று எடுத்து, ஜீரோ செய்து, மறுபடி மாட்டினேன். அதே 0.4.

335 வாட் பேனல் இரண்டு, சீரிஸில். அந்த நேரத்துக்கு ஏழு ஆம்பியராவது ஓட வேண்டும். பேனலில் தூசி இல்லை, நிழல் இல்லை, கனெக்டர் எதுவும் கருகவில்லை. கீழே இறங்கி வந்து பேட்டரியைப் பார்த்தால் 27.4 வோல்ட். விருந்து சாப்பிட்டவன் திண்ணையில் சாய்ந்த மாதிரி நிறைந்து கிடக்கிறது. முந்தைய இரவு ஒன்றரை மணி நேரம் கரண்ட் போயிருந்தது. வந்ததும் இன்வெர்ட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது: மின்வாரியத்தின் ஈபி கரண்டை எடுத்து விடிவதற்குள் பேட்டரியை நிரப்பிவிட்டது. காலையில் சூரியன் வந்தால் ஊற்ற இடமில்லை. வீட்டில் மூன்று ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாம் ஈபியில். காசு கொடுத்து வாங்கிய பேனல் மாடியில் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பேனல் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் இப்படித்தான் போயிருக்கும். நான்தான் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண 24 வோல்ட் சைன்வேவ் இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டிய ஆசிட் ரகம். பேனலுக்கென்று தனியாக ஒரு 30 ஆம்பியர் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலின் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றி ஏற்றும் பெட்டி), அதுவும் அதே பேட்டரியில்தான் போய்ச் சேர்கிறது. ஈபிக்கு ஒரு யூனிட்கூடத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு கிடையாது. எதிர் வீட்டில் 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டு 78,000 ரூபாய் மானியமும் வாங்கினார்கள். அது வேறு ரகம். பேட்டரி இல்லாத அந்த ரகம், தெருவில் கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கரண்ட் போகும் நேரத்தில்தான் ஃபேன் வேண்டும், அதனால் இந்த ஏற்பாடு.

ஆக ஒரே பேட்டரிக்கு இரண்டு சார்ஜர். ஒன்று இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும் ஈபி சார்ஜர், இன்னொன்று எம்பிபிடி. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் தெரிந்தது பேட்டரி முனையில் இருக்கும் வோல்டேஜ் மட்டும்தான். ஒன்று வோல்டேஜை ஏற்றி வைத்தால் மற்றது ‘சரி, நிறைந்துவிட்டது’ என்று கையைக் கட்டிக்கொள்ளும். ஈபிக்கு இருபத்து நான்கு மணி நேரமும் வாய்ப்பு இருக்கிறது, சூரியனுக்கு ஆறேழு மணி நேரம்தான். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

காசில்லாத வேலையை முதலில் பார்த்தேன். இன்வெர்ட்டரின் முதுகில் இரண்டு குட்டி ஸ்லைடு சுவிட்ச் இருந்தது. ஒன்று சார்ஜிங் கரண்ட், 10 அல்லது 15 ஆம்பியர். மற்றது பேட்டரி வகை. டியூபுலர் என்று வைத்தால் ஈபி சார்ஜர் 28.8 வரை ஏற்றும், எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரி) என்று வைத்தால் 27.6 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும். என்னுடையது டியூபுலர்தான் என்றாலும், வேண்டுமென்றே எஸ்எம்எஃப் பக்கம் தள்ளினேன். கரண்டையும் 10க்கு இறக்கினேன். எம்பிபிடியில் மட்டும் 28.8 என்று வைத்தேன். 27.6க்கு மேலே இருக்கும் கடைசிப் படியை ஏற ஈபியால் முடியாது, சூரியனால்தான் முடியும். டியூபுலர் பேட்டரிக்கு அந்தக் கடைசிப் படி ரொம்ப முக்கியம். அங்கேதான் குமிழி விட்டு ஆசிட் கலங்கும். கலங்காவிட்டால் கனமான ஆசிட் அடியில் தங்கி, மேலே தண்ணீர்ப் பதமாக நின்று, தகட்டின் அடிப்பாகம் கெட்டுப்போகும்.

இதை மாற்றிய மறுநாள் மதியம் எம்பிபிடி திரையில் 28.8 என்று பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். 28.1.

0.7 வோல்ட் எங்கே போனது? மாடிப்படி முகப்பில் பார்வையாக மாட்டியிருந்த எம்பிபிடிக்கும், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஆறு மீட்டர் தூரம். போக ஆறு, வர ஆறு, பன்னிரண்டு மீட்டர் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர். அப்போது ஓடிக்கொண்டிருந்தது 18 ஆம்பியர். அந்த வயருக்கு மீட்டருக்கு மூன்றேகால் மில்லி ஓம் என்று போட்டுப் பெருக்கினால் 0.7 வோல்ட் அப்படியே வந்து நிற்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. பேட்டரி 28.8ஐத் தொடுவதற்கு முன்பே எம்பிபிடி தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு கரண்டைக் குறைக்க ஆரம்பித்துவிடுகிறது.

இதற்குத் தடித்த வயர் வாங்க வேண்டாம், எம்பிபிடியையே கீழே இறக்கினால் போதும் என்றார் எங்கள் தெரு வயர்மேன் அண்ணாச்சி. “டிசியில தாழ்ந்த வோல்டேஜைத் தூரமாக் கொண்டுபோகாத தம்பி. பேனல் பக்கம் எழுபது வோல்ட்டுக்கு மேல இருக்கு, கரண்டு ஒம்பதுகூட வராது. அது எவ்வளவு தூரம் வந்தாலும் வரட்டும்.” அதே போல் எம்பிபிடியைப் பேட்டரிக்கு மேலே, ஆனால் ஆசிட் ஆவி நேராக அடிக்காத மாதிரி இரண்டடி தள்ளிச் சுவரில் மாட்டினோம். பேட்டரிக்கும் அதற்கும் ஒரு மீட்டர் 16 ஸ்கொயர் வயர், நடுவில் ஒரு ஃப்யூஸ். இப்போது இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.04 வோல்ட்.

இறக்கும்போது ஒரு தப்பு செய்யப் போனேன். பேட்டரி வயரை முதலில் கழற்றக் கையை வைத்தேன். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசியில். மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் தொங்கினால் சில கன்ட்ரோலர் அதிலேயே போய்விடும். பேனல் பக்கம் நான் போட்டிருந்த எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) பார்த்தும் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டு லைனுக்குப் போடும் ஏசி எம்சிபி அது. ஏசியில் வினாடிக்கு நூறு தடவை கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானே அணையும், டிசியில் அந்தச் சலுகை கிடையாது. டிசி எம்சிபி வாங்கி மாற்றியாயிற்று. ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது, மோதிரத்தைக் கழற்றி வைப்பது, ஆசிட் சிந்தினால் ஊற்றப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா கரைத்து வைப்பது எல்லாம் அவரிடம் கற்றதுதான்.

எம்பிபிடியோடு வந்த டெம்பரேச்சர் சென்சார் இரண்டு வருடமாக அட்டைப் பெட்டிக்குள்ளேயே தூங்கியது. அதை எடுத்துப் பேட்டரியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டினேன். செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் என்று வைத்தால் பன்னிரண்டு செல்லுக்கு 36. இருபத்தைந்து டிகிரியில் 28.8 என்பது, பேட்டரி 38 டிகிரியில் இருக்கும் எங்கள் ஊர் மே மாதத்தில் 28.3 ஆக வேண்டும். இதைச் செய்யாமல்தான் மாதம் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிறது என்று பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சார்ஜ் ஏறும் விதத்தைச் சரிசெய்தது. முதல் பிரச்சினை அப்படியே இருந்தது: பகலில் வீடு ஓடுவது ஈபியில்தான். பேட்டரி நிறைந்த பிறகு பேனலுக்கு வேலையில்லை.

கடையில் சோலார் இன்வெர்ட்டர் என்றே விற்கிறார்கள். ‘சோலார் பிரையாரிட்டி’ என்று ஒரு மோட் இருக்கும், அது பேட்டரி இறங்கும் வரை ஈபியைத் தொடாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தினமும் அடிவரை இறக்கி ஏற்றினால் டியூபுலர் சீக்கிரம் படுத்துவிடும். அண்ணாச்சி பாஷையில், “பில்லுல மிச்சம் புடிச்சதை பேட்டரிக் கடையில கொண்டுபோய்க் கட்டுவ”. எனக்கு வேண்டியது நடுவான ஒன்று. வெயில் இருக்கும் நேரத்தில் வீடு பேட்டரி வழியாக ஓட வேண்டும், ஓடுகிற வேகத்திலேயே பேனல் அதை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரி ஒரு குளமாக இல்லாமல் வாய்க்காலாக இருந்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பகலில் எங்கள் வீட்டு லோடு சராசரி 280 வாட். காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை ஏழு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். 670 வாட் பேனல் நல்ல நாளில் இரண்டரை யூனிட் சொச்சம் தரும். கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றும் தின்றது போக இரண்டு மிஞ்சும். கச்சிதம்.

செய்தது இதுதான். இன்வெர்ட்டருக்குள் போகும் ஈபி லைனில், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் டூ-போல் காண்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் மாறும் சுவிட்ச்) ஒன்று. அதன் காயிலுக்கு ஒரு டிஜிட்டல் டைமர். ஒன்பது மணிக்கு ஈபியை வெட்டும், நான்கு மணிக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேட்டரியில் ஓட்டும். காண்டாக்டரை நார்மலி க்ளோஸ்டு வகையாகக் கேட்டு வாங்கினேன். அதாவது காயிலுக்குக் கரண்ட் இருந்தால்தான் ஈபி வெட்டுப்படும். டைமர் செத்தாலும் காயில் எரிந்தாலும் வீட்டுக்கு ஈபி வந்துவிடும். கடைக்காரர் நார்மலி ஓப்பன்தான் கையில் இருக்கிறது, அதுவே போதும் என்றார். இரண்டு நாள் பொறுத்து வரவழைத்து வாங்கினேன். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

(கரண்ட் கம்பியைத் தொடும் இந்த வேலையை அண்ணாச்சிதான் செய்தார். நான் டார்ச் பிடித்தேன்.)

மீதி மே மாதம் முழுக்க அருமையாக ஓடியது. காலை ஒன்பதுக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம். பதினொரு மணிக்குப் பேனல் வயரில் மீட்டர் வைத்தால் 7.1 ஆம்பியர். பேட்டரி 26க்கும் 27க்கும் நடுவே மிதக்கும். லோடு குறையும் மூன்று மணி வாக்கில் 28ஐத் தாண்டும். தினமும் பார்த்து நோட்டில் எழுதினேன். மனைவி அந்த நோட்டுக்கு ஜாதகம் என்று பேர் வைத்தாள்.

ஜூன் பாதியில் மேற்கே குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது. எங்கள் ஊருக்கு மழை வராது, காற்றும் மேகமும் மட்டும் வரும். அன்றைக்கு நான் வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு மணிக்கு அம்மா போன்.

“ஏய்யா, பெட்டி கத்திக்கிட்டே கெடக்கு. ஃபேன் நின்னுபோச்சு.”

“கரண்ட் போயிருக்கும்மா.”

“ஊரெல்லாம் கரண்டு இருக்கு. எதுத்த வீட்டுல மிக்ஸி ஓடுற சத்தம் கேக்குது. நம்ம வீட்டுலதான் இல்ல.”

டைமருக்கு வெயிலும் தெரியாது மேகமும் தெரியாது. ஒன்பது மணிக்கு வெட்டியது, பேட்டரி காலியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றது. இன்வெர்ட்டர் 21 வோல்ட்டில்தான் கட் ஆகும். பேட்டரி ஒன்றுக்குப் பத்தரை. அது கடைசி எல்லை, தினப்படி அங்கே போகக் கூடாது. போன் வழியாகவே அம்மாவுக்கு டைமரை ஆஃப் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். ஈபி வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜிலிருந்த பாலைக் காய்ச்சித் தயிருக்கு உறை ஊற்றியிருந்தார்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஒரு வோல்டேஜ் ரிலே வாங்கினேன். உள்ளங்கை அளவு போர்டு, பேட்டரி வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கீழ் அளவு 24.4 வைத்தேன்: அதற்குக் கீழே போனால் ஈபிக்கு மாறு. மேல் அளவு 26.0: அதைத் தாண்டினால் மறுபடி பேட்டரிக்கு வா. நிறைந்த பேட்டரியைச் சும்மா வைத்தாலே 25.4தான் காட்டும், 26 காட்டினால் வெயில் வந்து சார்ஜ் ஏற்றுகிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன்.

முதல் மேக நாளில் லீவு போட்டு உட்கார்ந்து கவனித்தேன். நோட்டில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: 12.10 ஈபி. 12.17 பேட்டரி. 12.31 ஈபி. 12.37 பேட்டரி. 12.50 ஈபி. ஒவ்வொரு தடவையும் காண்டாக்டர் டக்கென்று அடிக்கும், ஃபேன் ஒரு நொடி மூச்சை இழுத்துவிட்டு ஓடும். அம்மா ஹாலிலிருந்து, “அது என்ன, பல்லி கத்துற மாதிரி?” என்று கேட்டார்கள்.

இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருந்தது. ஒன்று சுலபம். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் லோடு பல மடங்கு எகிறும், பேட்டரி வோல்டேஜ் கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சரிந்து எழும். ரிலே அந்தச் சரிவைப் பார்த்து ‘பேட்டரி போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறது. கீழ் அளவுக்கு 90 நொடி டிலே வைத்ததும் அது தீர்ந்தது.

இரண்டாவதைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மறுநாள் மதியம் நல்ல இருட்டு. பேனல் வயரில் ஒரு ஆம்பியர்கூட இல்லை. வெயிலே இல்லை, ஆனால் ரிலே மட்டும் 26 ஆயிற்று, வெயில் வந்துவிட்டது என்று வீட்டைப் பேட்டரிக்குத் தள்ளுகிறது. படிக்கட்டுக்கு அடியில் குந்தியபடி மல்டிமீட்டரையே வெறித்துக்கொண்டிருந்தேன். ரிலே ஈபிக்கு மாற்றிய நொடி 24.4 இருந்த எண் விறுவிறுவென்று ஏறுகிறது: 25.1, 25.6, 25.9. அப்போதுதான் உறைத்தது. ஈபிக்கு மாறினால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஈபி சார்ஜரும் சேர்ந்து முழித்துக்கொள்கிறது. அது 10 ஆம்பியர் தள்ளியதும் வோல்டேஜ் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத்தான் ரிலே வெயில் என்று நினைக்கிறது. உடனே ஈபியை வெட்டுகிறது, சார்ஜர் நிற்கிறது, வோல்டேஜ் விழுகிறது, மறுபடி ஈபி. நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. பேட்டரி வோல்டேஜை மட்டும் பார்க்கிறவனுக்குச் சூரியன் ஏற்றியதா ஈபி ஏற்றியதா என்று தெரிய வழியே இல்லை. முன்னால் இரண்டு சார்ஜரும் ஒன்றை ஒன்று ஏமாற்றிய அதே விஷயம்தான், இப்போது ரிலேயும் அதில் போய் மாட்டிக்கொண்டது.

மேல் அளவை 27.8க்கு ஏற்றலாம், எஸ்எம்எஃப் செட்டிங்கில் ஈபியால் 27.6ஐத் தாண்ட முடியாதே என்று யோசித்தேன். சரியான யோசனைதான். ஆனால் அந்த அளவை வெயில் தொட சாயங்காலம் ஆகிவிடும், அதற்குள் டைமர் நேரமே முடிந்துவிடும். பேனல் வயரில் கரண்ட் சென்சார் வைத்து, ஒரு மைக்ரோகன்ட்ரோலரில் புரோகிராம் எழுதலாம் என்று மாமா பையன் சொன்னான். எழுதலாம். அவன் சென்னைக்குப் போன பிறகு அது நின்றால் யார் பார்ப்பது?

அண்ணாச்சியிடம் கேட்டேன். மோட்டார் ஸ்டார்ட்டர் மாட்டியே முப்பது வருடம் ஓட்டியவர். “ஒருதடவ விழுந்தா விழுந்ததுதான்னு வை. மறுபடி தூக்கிவிட ஆள் வேணும்” என்றார். 24 வோல்ட் டிசி ரிலே ஒன்றைப் பேட்டரியிலிருந்தே 1 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ஓட்டினார். வோல்டேஜ் ரிலே ‘இறங்கிவிட்டது’ என்றதும் இது இழுக்கும், காண்டாக்டர் காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டும், வீடு ஈபிக்கு வரும். இழுத்த கையோடு தன்னுடைய இன்னொரு காண்டாக்ட் வழியாகத் தனக்கே கரண்ட் கொடுத்துக்கொண்டு பிடித்தபடி நிற்கும். அந்தப் பிடி வயரின் நடுவே ஒரு சிவப்பு பட்டன். அழுத்தினால் பிடி விடும், மறுநாள் டைமர் வழக்கம் போல வேலை செய்யும். அழுத்தாவிட்டால் எத்தனை நாளானாலும் வீடு ஈபியிலேயே இருக்கும். ஆறேழு வயர், ஒரு பழைய சுவிட்ச் பாக்ஸ். ரிலேயும் பட்டனும் அவர் வீட்டுப் பழைய சாமான் பெட்டியிலிருந்தே வந்தன.

ஆக, ஒரு நாள் மேகம் மூடிப் பேட்டரி 24.4க்கு இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். பிற்பகலில் வெயில் வந்தாலும் வீடு பேட்டரிக்கு வராது. அந்த வெயில் பேட்டரியில் ஏறிவிடுகிறது, வீணாகவில்லை. மறுநாள் காலை பட்டனை அழுத்துவதா வேண்டாமா என்று யாராவது வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அந்த வேலை தானாகவே அம்மாவிடம் போய்விட்டது. நாற்பது வருடமாக மொட்டை மாடியில் கூழ்வற்றலும் மிளகாயும் காயப்போட்டவர்கள். எட்டரை மணிக்கு வாசலுக்கு வந்து மேற்கே ஒரு தடவை, கிழக்கே ஒரு தடவை பார்ப்பார்கள். “இன்னைக்கு வத்தல் போடலாம்” என்றால் பட்டன் அழுத்தப்படும். ஜூலையில் நானும் போனில் வானிலை பார்த்து என் கணிப்பைத் தனியாக நோட்டில் எழுதிவந்தேன். இருபத்தோரு நாளில் அம்மாவின் கணிப்பு தப்பியது இரண்டு நாள். என் கணக்கை இங்கே எழுதவில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் நிறுத்தும் நாள்தான் இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை. அன்றைக்கு ஈபியே கிடையாது, டைமரும் காண்டாக்டரும் சும்மா. ஆகஸ்டில் வந்த அந்த நாளில் அரைகுறை வெயில். முன்பெல்லாம் மூன்று மணிக்கே பெட்டி கத்தும். இந்தத் தடவை ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோது பேட்டரி 24.9. வயரில் தொலைந்துகொண்டிருந்த சார்ஜ் திரும்பக் கிடைத்ததும், ஆசிட் கலங்கித் தெளிந்ததும் இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கரண்ட் பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு மாத ரீடிங்கில் ஏறக்குறைய நூறு யூனிட் குறைந்திருக்கிறது. எங்களுக்கு அது வெறும் நூறு யூனிட் விலை அல்ல. கோடையில் 500ஐ ஒட்டி ஓடும் வீடு இது. 500ஐத் தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கான சலுகையும் போய் மொத்தமாக ஏறும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க முடிந்தது. ஆனால் பேனல், எம்பிபிடி, காண்டாக்டர் எல்லாம் சேர்த்துப் போட்ட காசு இந்த வேகத்தில் எப்போது திரும்பும் என்று மனைவி கேட்டால் நான் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய்விடுகிறேன்.

லித்தியத்துக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அரைகுறையாக நிரம்பி நிற்பது அதற்கு நோயே இல்லை, என் பாதி வேலை குறைந்துவிடும்தான். ஆனால் என் இன்வெர்ட்டரின் சார்ஜரில் லித்தியத்துக்கான செட்டிங் கிடையாது. பேட்டரியை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டும். இந்த டியூபுலர் தன் காலத்தை முடிக்கட்டும்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஒரு மேகநாளில் ரிலே விழுந்தது, ஒன்பது நாள் அம்மா பட்டனைத் தொடவில்லை. ஒன்பது நாளும் வீடு ஈபியில். பேட்டரியை ஈபி சார்ஜர் 27.6 வரைக்கும் மட்டும் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் ஒவ்வொரு செல்லாக மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தியைப் பார்த்தேன். நிறைந்தால் 1.240 காட்ட வேண்டிய செல்கள் 1.220, 1.225 என்று நின்றன. ஒரு செல் மட்டும், இரண்டாவது பேட்டரியில் பாசிட்டிவ் முனையிலிருந்து மூன்றாவது, 1.200. வெயில் ஏறித் தர வேண்டிய அந்தக் கடைசிப் படி ஒன்பது நாளாகக் கிடைக்கவில்லை. அப்போதுதான் இன்வெர்ட்டர் முதுகிலிருந்த ஸ்லைடு சுவிட்ச் ஞாபகம் வந்தது. அன்றிரவு மட்டும் எஸ்எம்எஃப்பிலிருந்து டியூபுலருக்குத் தள்ளினேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்டால் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதி வருவதற்கு முன் சிணுங்குமே, அந்தச் சத்தம்.

காலையில் பதினோரு செல் 1.240க்கு வந்துவிட்டன. அந்த மூன்றாவது செல் 1.225. சுவிட்சைத் திரும்ப எஸ்எம்எஃப்புக்குத் தள்ளிவிட்டு, நோட்டில் அந்தச் செல்லுக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டு வைத்தேன். வெளியே வந்தால் அம்மா வாசலில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அழுத்தட்டுமா?” என்றேன்.

“இரு. வேப்ப மரத்துக்கு மேல வரட்டும்.”